முகத்தில் முழிக்கமாட்டேன் என்றவர்கள்: 'ஹோம் அலோன்' படத்தின் முடிவு



'ஹோம் அலோன்' என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, மாடியிலிருந்து கயிற்றில் ஊசலாடி வந்து திருடன் முகத்தில் மோதும் பெயிண்ட் டப்பா. அடுத்து, பழுக்கக் காய்ந்த கதவுக் குமிழ். அப்புறம், இரண்டு கன்னத்திலும் கையை வைத்துக்கொண்டு அலறும் எட்டு வயதுப் பையனின் முகம். 1990 நவம்பரில் வெளிவந்த நாளிலிருந்து இந்தப் படம் உலகம் முழுக்க இந்தக் காட்சிகளாகவே அறியப்பட்டிருக்கிறது. நான் பேச வந்தது இவையெல்லாம் ஓய்ந்தபிறகு வரும் சில நிமிடங்களைப் பற்றி. திருடர்களைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. பொழுது விடிந்து கிறிஸ்துமஸ் பிறந்திருக்கிறது. சிரிக்கவைக்கும் வேலை முடிந்துவிட்டதென்று நாம் நாற்காலியை விட்டு எழுந்துவிடும் அந்த நேரத்தில்தான் படம் தான் சொல்ல வந்ததைச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் சிகாகோ நகரை ஒட்டிய புறநகர்ப் பகுதி. ஒரு பெரிய குடும்பம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பாரிஸ் போகக் கிளம்புகிறது. பெரியவர்களும் பிள்ளைகளுமாக அந்த வீட்டில் அன்றிரவு பதினைந்து பேர். கடைக்குட்டிகளில் ஒருவன் கெவின். பெட்டி கட்டத் தெரியாதவன், எல்லாருடைய காலிலும் இடறுகிறவன் என்று அன்று முழுக்க ஏச்சு வாங்குகிறான். தனக்கென்று இருந்த பீட்சாவையும் மூத்த அண்ணன் வேண்டுமென்றே தின்றுவிட, பொறுக்கமாட்டாமல் அவன்மேல் பாய்கிறான். பால் கொட்டுகிறது, பாஸ்போர்ட்டுகள் நனைகின்றன, பாலைத் துடைத்த காகிதங்களோடு கெவினின் விமான டிக்கெட்டும் குப்பைக்குப் போய்விடுகிறது. தண்டனையாக மூன்றாம் மாடி அறையில் தனியாகப் படுக்க வைக்கிறார்கள். இரவில் காற்றடித்து மின்சாரம் போகிறது, அலாரம் அடிக்கவில்லை, காலையில் தலைதெறிக்கும் அவசரம். தலையெண்ணும்போது வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பையனும் கணக்கில் சேர்ந்துவிடுகிறான். குடும்பம் போய்விடுகிறது, கெவின் மாடியில் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

அந்த மாடிப்படியில் தாய்க்கும் மகனுக்கும் நடக்கும் பேச்சைக் கவனிக்கவேண்டும். உங்கள் யாரையும் இனிமேல் பார்க்கவே வேண்டாம் என்கிறான் பையன். நாளைக் காலை எழுந்து குடும்பமே இல்லாமல் போனால் வருத்தப்படுவாய் என்கிறாள் தாய் கேட். மாட்டேன் என்கிறான். அப்படியானால் இன்னொரு தடவை சொல், பலித்தாலும் பலிக்கும் என்கிறாள். அவன் இன்னொரு தடவை சொல்கிறான். களைப்பில், கோபத்தில், பேச்சை முடித்துவிட்டால் போதும் என்ற எரிச்சலில் அந்தத் தாய் சொன்னது அது. கேத்தரின் ஓஹாரா அந்த வரியைப் பேசும் விதத்தில் கொடுமை துளியும் இல்லை. நாள் முழுக்க வேலை செய்து ஓய்ந்த ஒரு பெண்ணின் குரல் மட்டும்தான் இருக்கிறது. நம் வீடுகளிலும் இந்தக் குரல் உண்டு. இனி உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சொல்லாத வீடு எது?

எட்டு வயதில் இப்படிச் சொன்னால் அது ஒரு இரவுக் கோபம். இதே சொல்லை ஒரு பெரியவர் சொன்னால்?

கெவின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் மார்லி என்று ஒரு கிழவர் இருக்கிறார். தாடி வைத்தவர், யாரோடும் பேசாதவர், இரவு நேரத்தில் நடைபாதைப் பனியில் உப்புத் தூவிக்கொண்டே போகிறவர். பனி அள்ளும் மண்வெட்டியால் தன் குடும்பத்தையே கொன்றவர் என்று அண்ணன் கதை கட்டி வைத்திருக்கிறான். பையன்கள் அவரைக் கண்டாலே ஓடுகிறார்கள். மருந்துக்கடையில் பல்துலக்கி வாங்கப் போன கெவின், பக்கத்தில் அவர் வந்து நின்றதும் காசு கொடுக்காமலேயே பதறி ஓடிவிடுகிறான். படத்தில் பாதிக்கு மேல் அவர் ஒரு பூச்சாண்டியாகவே நடமாடுகிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு தேவாலயத்தில் அதே மனிதர் கெவினின் பக்கத்தில் வந்து உட்கார்கிறார். பாடகர் குழுவில் நிற்கும் ஒரு சிறுமியைக் காட்டி, அவள் தன் பேத்தி என்கிறார். அவளைப் பார்க்க அவருக்கு வேறு வழி கிடையாது. பல வருஷத்துக்கு முன்னால் மகனோடு வாய்த்தகராறு. இருவரும் நிதானம் இழந்தார்கள். இனி உன்னைப் பார்க்க விருப்பமில்லை என்று இவர் சொல்ல, அவனும் அதையே சொல்லிவிட்டான். அதன்பிறகு பேச்சுவார்த்தையே இல்லை.

மாடிப்படியில் கெவின் சொன்ன சொல்லும் மார்லி சொன்ன சொல்லும் ஒன்றுதான். ஒருவனுக்கு அது ஒரே இரவில் பலித்து, சில நாளில் தாங்கமுடியாததாகி, திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்ட மனிதரிடம் கெஞ்சும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. பொம்மை எதுவும் வேண்டாம், என் குடும்பத்தைத் திரும்பக் கொடுங்கள் என்று அவன் கேட்டுவிட்டு வந்த இரவு அது. இன்னொருவருக்கு அது வருஷக்கணக்காகப் பலித்துக்கொண்டே இருக்கிறது. யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை. போன் செய்துபாருங்கள் என்கிறான் பையன். பேசமாட்டேன் என்றால் என்ன செய்வது என்று பயப்படுகிறார் கிழவர். அப்போது உறுதியாகத் தெரிந்துவிடும், பயம் போய்விடும் என்கிறான் அவன். வீட்டு நிலவறைக்குள் போகப் பயந்து, ஒருநாள் விளக்கைப் போட்டுப் பார்த்துப் பயத்தை விட்டவன் அவன். தனக்குத் தெரிந்த ஒரே பயத்தை வைத்துத்தான் அந்த முதியவருக்கு யோசனை சொல்கிறான். குழந்தைகள் அறிவுரை சொல்லும் காட்சிகள் சினிமாவில் பெரும்பாலும் சகிக்கமுடியாமல் இருக்கும். இங்கே அப்படி ஆகாததற்குக் காரணம், பையன் பெரியவர்கள் மாதிரிப் பேசவில்லை. நிலவறையைப் பற்றித்தான் பேசுகிறான்.

இந்தப் படத்துக்குக் கதை எழுதித் தயாரித்தவர் ஜான் ஹியூஸ். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது, பிள்ளைகளை மறந்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று தோன்றியதிலிருந்து பிறந்த கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். இயக்கியவர் கிறிஸ் கொலம்பஸ். ஹியூஸின் முதல் எழுத்துப் பிரதியில் மார்லி இல்லை. கொலம்பஸ்தான் திரைக்கதையில் கைவைத்து, அந்தக் கிழவரைச் சேர்த்தார். அதற்கு எழுத்தாளர் பட்டியலில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவும் இல்லை. இந்தத் தகவல் தெரிந்தபிறகு முடிவைப் பார்த்தால், அது வேறு ஒரு படத்தின் முடிவாகத் தெரிகிறது. மார்லி இல்லாமலும் கதை ஓடியிருக்கும்: பையன் திருடர்களை அடிப்பான், தாய் வருவாள், கட்டிக்கொள்வார்கள், திரை விழும். கொலம்பஸுக்கு அது போதவில்லை.

போதாது என்று அவர் எப்படிக் காட்டுகிறார் என்பதற்குப் பொறிகளெல்லாம் தீர்ந்தபின் நடப்பதைப் பாருங்கள். தலையைச் சுடும் தீயும் காலில் ஏறும் ஆணியும் முடிந்து, கெவின் கயிற்றில் மரவீட்டுக்குப் போய், அங்கிருந்து எதிர்வீட்டுக்கு ஓடுகிறான். தன் திட்டப்படி எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைக்கிறான். திருடர்கள் அவனை முந்திக்கொண்டு அங்கே நிற்கிறார்கள். ஹாரி, மார்வ் என்ற அந்த இருவரும் அவனைப் பிடித்துக் கதவிலிருக்கும் கொக்கியில் சட்டையோடு மாட்டிவிடுகிறார்கள். இனி அவனிடம் தந்திரம் எதுவும் இல்லை. ஹாரியாக வரும் ஜோ பெஸ்கி அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கடிக்கப்போவதாகச் சொல்லும்போது அரங்கில் சிரிப்பு நின்றுவிடும். அப்போது பின்னாலிருந்து மார்லியின் மண்வெட்டி இறங்குகிறது. கொலைக்கதையில் வந்த அதே மண்வெட்டி.

இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். குறும்புக்காரப் பையன் தன் சாமர்த்தியத்தால் வென்ற படம் என்றுதான் இதை எல்லோரும் சொல்கிறார்கள். சாமர்த்தியம் அவனைக் கொக்கி வரைக்கும்தான் கொண்டுவந்து சேர்த்தது. அங்கிருந்து இறக்கிவிட்டது, இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை அவன் யாரைக் கண்டு ஓடினானோ அவர். தேவாலயத்தில் அந்த மனிதரோடு உட்கார்ந்து பேசியிராவிட்டால், அந்தப் பேச்சில் அவருக்கு இவன்மேல் ஒரு பாசம் வந்திராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இனி விடிகாலைக்கு வருவோம்.

கெவின் எழுந்து ஜன்னலில் பனியைப் பார்க்கிறான். அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு படியிறங்கி ஓடுகிறான். யாரும் இல்லை. வேண்டுதல் பலிக்கவில்லை என்று அவன் முகம் சுருங்குகிறது. சற்று நேரத்தில் தாய் வாசலில் வந்து இறங்குகிறாள். அவள் வந்த பாதை சாதாரணமானதல்ல. பாரிஸ் விமான நிலையத்தில் யாரோ ஒரு வயதான தம்பதியிடம் காதணி, கைக்கடிகாரம் வரை கொடுத்து இடம் வாங்கினாள். டல்லாஸ் வந்தாள், அங்கிருந்து ஸ்க்ரான்டன் வந்தாள், அங்கே இடமே இல்லையென்று ஆனதும் போல்கா இசைக்குழு ஒன்றோடு வாடகை வண்டியில் பனிச்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்து வந்தாள். அந்தக் குழுத் தலைவராக ஜான் கேண்டி வருகிறார். அவர் நடித்த காட்சிகள் எல்லாம் ஒரே நாளில் எடுக்கப்பட்டவை. பேச்சில் பெரும்பகுதியை அவரே அந்தந்த நேரத்தில் கற்பனை செய்து பேசினார். மோசமான தாய் நான் என்று கேட் புலம்பும்போது, தன் குழந்தையை ஒருமுறை சாவுச்சடங்குக் கூடத்திலேயே மறந்துவிட்டு வந்ததாக அவர் சொல்லும் ஆறுதல் இருக்கிறதே, அதைவிட விநோதமான ஆறுதலை நான் எந்தப் படத்திலும் கேட்டதில்லை.

தாய் உள்ளே வருகிறாள். மகன் எதிரே நிற்கிறான். மன்னித்துவிடு என்கிறாள். அவன் உடனே ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஒரு கணம் பார்க்கிறான். படப்பிடிப்பின்போது மெக்காலே கல்கினுக்கு வயது 9. அந்த வயதில், கோபம் இன்னும் மீதி இருக்கிறதா என்று தன்னையே சோதித்துப் பார்க்கும் முகபாவத்தை எப்படித்தான் கொண்டுவந்தானோ. மன்னிப்பு அவன் கையில் இருக்கிறது, கொடுப்பதா வேண்டாமா என்று அவன்தான் முடிவு செய்யவேண்டும் என்று படம் ஒரு குழந்தைக்கு அந்தக் கணத்தைக் கொடுக்கிறது. பெரியவர்களை மன்னிக்கும் உரிமை குழந்தைக்கும் உண்டு என்று ஒத்துக்கொள்ளும் படங்கள் குறைவு. பிறகு சிரிக்கிறான், ஓடுகிறான்.

அடுத்த நிமிடமே கதவு திறந்து தந்தையும் உடன்பிறந்தவர்களும் உள்ளே வருகிறார்கள். தாய் திகைக்கிறாள். எப்படி வந்தீர்கள்? காலை விமானத்தில், நீ காத்திருக்கமாட்டேன் என்றாயே, அதே விமானம்தான்.

இதைச் சிலர் வெறும் நகைச்சுவைத் துணுக்காக எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் அந்தத் தாயின் பாடு வீண் என்று படம் அவளைக் கேலி செய்வதாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நேரக் கணக்கில் பார்த்தால் அவள் சம்பாதித்தது சில நிமிடங்கள். ஆனால் அந்தச் சில நிமிடங்களில்தான், வேறு யாரும் இல்லாத கூடத்தில், மன்னிப்புக் கேட்பதும் கொடுப்பதும் நடந்தது. அத்தனை பேர் கூச்சலுக்கு நடுவில் அது நடந்திருக்கவே முடியாது. அந்தப் படியில் சொன்ன சொல்லை அவர்கள் இருவரும் மட்டும்தானே சொல்லிக்கொண்டார்கள்? திரும்பப் பெற்றுக்கொள்ளும்போதும் இருவர் மட்டும் இருக்கவேண்டியிருந்தது. கண்டம் தாண்டிய அந்த அலைச்சலெல்லாம் அதற்காகத்தான்.

இப்போது குடும்பம் கூடத்தில் நிற்கிறது. வீட்டை எரிக்காமல் வைத்திருந்தாயே என்று அண்ணன்கூட ஒரு பாராட்டுப் போலச் சொல்கிறான். கெவின் கடைக்குப் போனதைச் சொல்கிறான்: பால், முட்டை, துணிக்குப் போடும் மென்மைத் திரவம். எல்லோரும் வியக்கிறார்கள். வேறென்ன செய்தாய் என்று கேட்கும்போது, சும்மாதான் இருந்தேன் என்பதுபோல் ஒரு பதில்.

அவ்வளவுதான். திருடர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எட்டு வயதுப் பையனால் இதைச் சொல்லாமல் இருக்கமுடியுமா? ஒன்றுக்கும் ஆகாதவன் என்று பயணத்துக்கு முந்தைய இரவு ஏசியவர்கள் எதிரில் நிற்கிறார்கள். வீட்டைக் காப்பாற்றியவன் நான் என்று சொன்னால் போதும், அண்ணன் வாயடைத்துப்போவான். வழக்கமான படமாக இருந்தால் போலீஸ்காரர் ஒருவர் வந்து சொல்லியிருப்பார், குடும்பமே பையனைத் தோளில் தூக்கியிருக்கும். தந்தை பீட்டர் குனிந்து தரையிலிருந்து ஒரு தங்கப் பல்லை எடுத்துப் பார்க்கும் இடத்தில் அதற்கான வாசலும் திறந்தே இருக்கிறது. அது திருடன் ஹாரியின் பல். படத்தின் தொடக்கத்தில் அவன் போலீஸ் உடையில் வந்து சிரித்தபோது மின்னியதும் அதுதான். இது என்ன என்று பீட்டர் கேட்கிறார். பதில் கிடைப்பதில்லை. கெவின் அந்தப் பக்கமே இல்லை.

அவன் ஜன்னலுக்குப் போய்விட்டான். குடும்பத்தார் தன்னைச் சுற்றி வந்து சேர்ந்த நேரத்தில், அவர்களை விட்டுவிட்டு, அடுத்த வீட்டில் என்ன ஆயிற்று என்று பார்க்கப் போய்விட்டான். வெளியே பனியில் மார்லி நிற்கிறார். மகன் வந்திருக்கிறான், மருமகள் வந்திருக்கிறாள், பேத்தியைத் தூக்கி அணைத்துக்கொள்கிறார். தலை நிமிர்ந்து ஜன்னலில் நிற்கும் பையனைப் பார்க்கிறார். கையசைக்கிறார். இவனும் அசைக்கிறான். ராபர்ட்ஸ் ப்ளாஸம் என்ற அந்த நடிகர் கவிஞரும்கூட. அந்த ஒரு பார்வையில் நன்றியும் பெருமையும் மட்டுமல்ல, உனக்கும் அமைந்துவிட்டதா என்ற விசாரிப்பும் சேர்ந்து தெரிகிறது. பின்னணியில் ஜான் வில்லியம்ஸின் இசை. இதற்காக அவர் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்.

கெவினின் மௌனத்துக்கு விளக்கம் அந்த ஜன்னலில்தான் இருக்கிறது. அவனுக்குக் காலையில் முக்கியமாகப் பட்ட செய்தி திருடர்கள் அல்ல. கிழவர் போன் செய்தாரா இல்லையா என்பதுதான். தன் வீரத்தைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டான் என்றுகூட நான் சொல்லமாட்டேன். அது அவன் மனத்தில் அந்த நேரம் இல்லவே இல்லை. படத்தின் தொடக்கத்தில் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று கத்தியவன், முடிவில் மற்றவரைக் கவனித்துக்கொண்டு நிற்கிறான். இதைப் படம் வாயால் சொல்லவில்லை. அவன் நிற்கும் இடத்தை மட்டும் மாற்றிவைத்திருக்கிறது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல கிறிஸ்துமஸ் படம். இன்னும் ஒரு வரி மீதியிருக்கிறது. மாடியிலிருந்து அண்ணனின் கத்தல்: கெவின், என் அறையை என்ன பண்ணி வைத்திருக்கிறாய்! அலமாரி சரிந்து, சிலந்தி வெளியேறி, உண்டியல் காசெல்லாம் எடுக்கப்பட்ட அறை அது. கெவின் திடுக்கிட்டு ஓடுகிறான். படம் முடிகிறது.

சமாதானம் ஆகி எத்தனை நிமிடம் ஆயிற்று? சண்டை திரும்ப ஆரம்பித்துவிட்டது. இந்த வரியைச் சிரிப்புக்காக ஒட்டியதாக எண்ணுபவர்களோடு நான் உடன்படவில்லை. இது இல்லாவிட்டால், பிரிவு இந்தக் குடும்பத்தைத் திருத்திவிட்டது, இனி யாரும் யாரையும் ஏசமாட்டார்கள் என்ற பொய் நிலைத்துவிடும். அண்ணன் அண்ணனாகவே இருக்கிறான். கெவின் செய்த குறும்புக்கு இன்று மாலைக்குள் அடி வாங்கத்தான் போகிறான். இனி யார் முகத்திலும் முழிக்கமாட்டேன் என்று அடுத்த கிறிஸ்துமஸுக்குள் இன்னொரு தடவை கத்தவும் கத்துவான். மார்லியின் குடும்பமும் அப்படித்தான் இருக்கும். மகன் வந்துவிட்டதால் பழைய தகராறின் காரணம் மறைந்துவிடாது. சண்டை இல்லாத வீட்டைப் படம் வாக்களிக்கவில்லை. சண்டைக்குப் பிறகும் கதவைத் தட்டலாம், போன் செய்யலாம் என்பதை இரண்டு வீட்டில் காட்டிவிட்டு, மூன்றாவது சண்டையைத் தொடங்கிவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

முடிவுகளில் பொய் சொல்லக்கூடாது என்ற பிடிவாதம் கொலம்பஸிடம் பிற்பாடும் இருந்தது. 1993-இல் அவர் இயக்கிய 'மிஸஸ் டவுட்ஃபயர்' நமக்கு 'அவ்வை சண்முகி' வழியாக நன்றாகத் தெரிந்த கதை. தமிழில் கணவனும் மனைவியும் முடிவில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆங்கிலப் படத்தில் சேரவில்லை. பிரிந்த பெற்றோரின் குழந்தைகள் திரையைப் பார்த்து வீண் நம்பிக்கை வளர்த்துக்கொள்ளக்கூடாது என்பதில் அவரும் ராபின் வில்லியம்ஸும் உறுதியாக நின்றார்கள். நம் படத்தின் முடிவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, நம் அரங்கம் கேட்ட முடிவு அது. ஆனால் 'ஹோம் அலோன்' படத்தின் கடைசிக் கத்தலும் 'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்தின் சேராத தம்பதியும் ஒரே கையெழுத்து என்று எனக்குத் தெரிகிறது.

ஹியூஸ் இதே காலத்தில் எழுதிய இன்னொரு குறும்புப் பையன் படத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். 'டென்னிஸ் த மெனஸ்', அதுவும் 1993. அங்கேயும் ஒரு பையன், பக்கத்து வீட்டில் ஒரு முதியவர், ஊருக்குள் ஒரு திருடன். அங்கே கிழவரைக் கண்டு பையன் பயப்படவில்லை, பையனைக் கண்டு கிழவர் பயப்படுகிறார். பையன் திருடனைப் பிடித்துக்கொடுக்கிறான், அது ஊருக்கே தெரிகிறது, கிழவர் மனம் இளகுகிறார். கடைசியில் பையன் தீயில் வாட்டிய இனிப்பு ஒன்று பறந்துபோய் அவர் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறது. வால்ட்டர் மாத்தாவ் அருமையாக நடித்திருக்கிறார், சிரிக்கலாம். ஆனால் அந்தப் பையன் கடைசிவரை அந்த முதியவருக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. அந்தப் படத்தில் அவனுக்கு ஜன்னல் இல்லை.

'ஹோம் அலோன்' படத்தின் இரண்டாம் பாகமும் 1992-இல் வந்தது. நியூயார்க் பூங்காவில் புறாக்களுக்கு இரை போடும் தனித்த பெண்ணிடம் கெவின் ஒரு புறா பொம்மையைக் கொடுக்கிறான், நெகிழ்ச்சியான இடம். உடனே ஹோட்டலில் இருந்து தந்தையின் கத்தல் கேட்கிறது: அறைக்கு வரவழைத்துத் தின்றதற்கு 967 டாலரா! முதல் படத்தின் அச்சு அப்படியே இருக்கிறது. ஆனாலும் ஒன்று குறைந்துவிட்டது. அங்கே கெவின் செய்தது ரசீதாக எழுதி வந்து குடும்பத்தின் கையில் சேர்ந்துவிடுகிறது. முதல் படத்தில் பீட்டர் கையில் இருப்பது ஒரு பல் மட்டும்தான். அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அந்த இரவைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.